சால்கோன்களோடு இரண்டு வருடம்

பிஎச்.டி. சேர்ந்த வாரமே கைடு சொல்லிவிட்டார்: "முதல்ல சால்கோன் பண்ணிப் பாரும்மா."

சால்கோன் என்பது ஒரு வகைக் கரிமச் சேர்மம்; அது புற்றுநோய்ச் செல்லைக் கொல்லுமா என்று பார்ப்பதுதான் வேலை. செய்வது சமையல் மாதிரிதான். அசிட்டோஃபீனோனையும் பென்சால்டிஹைடையும் எத்தனாலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறினால் சில மணி நேரத்தில் மஞ்சளாகக் கெட்டிப்படும். ஐஸ் தண்ணீரில் கொட்டி வடிகட்ட வேண்டியதுதான். ஆல்டிஹைடை மாற்றினால் நிறமும் மாறும். டைமீத்தைல்அமினோ போட்டது நல்ல ஆரஞ்சு. ஒன்பதாவது சேர்மம் மட்டும் மூன்று நாள் பசையாகவே கிடந்தது. சீனியர் அக்கா வந்து கண்ணாடிக் குச்சியால் பீக்கரின் உட்சுவரைக் கரகரவென்று சுரண்டினார். சுரண்டிய கோட்டிலேயே ஊசி ஊசியாகப் படிகம்!

செய்தது சரியான சேர்மம்தானா என்று காட்டும் என்.எம்.ஆர். கருவிக்கு வரிசையில் காத்திருந்த கதை வேண்டாம்.

அப்புறம் செல் சோதனை. எம்.சி.எஃப்-7 என்பது 1970-ல் அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரியிடமிருந்து எடுத்த மார்பகப் புற்றுநோய்ச் செல்கள்; அவர் போய்விட்டார், செல்கள் இன்னும் பெருகுகின்றன. 96 குழித் தட்டில் அவற்றை வளர்த்து, சேர்மத்தைக் கொடுத்து, 48 மணி நேரம் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்போம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது.

மூன்றாம் எண் சேர்மம் போட்ட குழிகளில் ஊதாவே இல்லை. குதித்தேன். பக்கத்து வரிசையைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்: சேர்மம் இல்லாமல், அதைக் கரைக்கும் திரவமான டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட குழிகளும் வெளுத்துக் கிடந்தன. டி.எம்.எஸ்.ஓ.வில் சேர்மத்தைக் கரைத்து வைக்கும் ஸ்டாக் கரைசலை நீர்க்கத் தயாரித்திருந்ததால், தேவையான மருந்தோடு டி.எம்.எஸ்.ஓ. 2 சதவீதம் போயிருக்கிறது. கொன்றதில் பாதி அதன் வேலை. அரை சதவீதத்துக்குள் வைத்துத் திரும்பச் செய்தபோது, பாதி செல்களைக் கொல்லத் தேவைப்பட்ட அளவு ஆறு மடங்கு ஏறிவிட்டது. அதிக அளவு கொடுத்த குழியில் சேர்மமே படிகமாகி மிதந்தது, மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. சரி, புது அளவாவது உண்மை என்று தேற்றிக்கொண்டேன்.

குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த, புற்றுநோய் அல்லாத வீரோ செல்களில் போட்டுப் பார்த்தால், அவையும் கிட்டத்தட்ட அதே அளவில் செத்தன. புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் போகும் புத்தி அதற்கு இல்லை. சால்கோனின் நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பு புரதங்களின் தயால் தொகுதி (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) எங்கே கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்; சந்தேகம் அதன்மேல்தான்.

அட்டவணையைப் பார்த்த கைடு, "அந்த இரட்டைப் பிணைப்பை ஹைட்ரஜன் சேர்த்து ஒடுக்கிட்டுப் போடு, அப்பவும் கொல்லுதான்னு பார்க்கலாம்" என்றார். இப்போது ஃப்ளாஸ்கின் மேல் ஹைட்ரஜன் பலூன் கட்டியிருக்கிறேன். வினை எவ்வளவு நடந்தது என்று காட்டும் டி.எல்.சி. தகட்டில் சால்கோனின் மஞ்சள் புள்ளி மங்கிக்கொண்டு வருகிறது.