மருமகன்ர பொது அறிவுப் புத்தகம்

2025 ஒக்டோபர் 12, ஞாயிறு

மருமகனுக்கு அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில பொது அறிவுப் போட்டியாம். அக்கா கொழும்பு மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில தடிச்ச புத்தகம் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து என்ர மேசையில போட்டிட்டு, "நீதானே எல்லாம் தெரிஞ்ச ஆள், பெடியனைப் பாடமாக்க வை" எண்டிட்டு குசினிக்குள்ள போட்டா. சரி எண்டு திறந்தால் முழுக்க ஒரு சொல் விடை. கேள்வி, ஒரு கோடு, விடை, முடிஞ்சுது. ஏன் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை, எனக்கு உதுதான் ஏறாது.

கஸகஸ்தான்ர தலைநகரம் நூர் சுல்தான் எண்டு போட்டிருக்கு. அந்த ஊர்ப் பேர் 2022ல திரும்ப அஸ்தானா ஆகீட்டுது. 1997ல அல்மாட்டியில இருந்து தலைநகரத்தை அங்க கொண்டு போகேக்க பேர் அக்மோலா, அடுத்த வருஷம் அஸ்தானா, 2019ல ஜனாதிபதி நாசர்பாயெவ் பதவி விட்ட உடனே அவற்ற பேரை வச்சு நூர் சுல்தான், மூண்டு வருஷத்தில பழையபடி அஸ்தானா. பெயர்ப்பலகை எழுதுறவனுக்கு நல்ல உழைப்பு.

தென்னாபிரிக்காவுக்கு மூண்டு தலைநகரம் எண்டு பெடியன் சரியாச் சொன்னான், ஏன் எண்டு கேட்டால் முழிக்கிறான். 1910ல நாலு குடியேற்ற நாட்டையும் ஒண்டாக்கேக்க எந்த ஊருக்குக் குடுக்கிறது எண்டு சண்டை, கடைசியில நிர்வாகத்தைப் பிரிட்டோரியாவுக்கு, பாராளுமன்றத்தைக் கேப் டவுனுக்கு, மேல்முறையீட்டு நீதிமன்றத்தைப் புளூம்பொன்டெய்னுக்கு எண்டு பிரிச்சுக் குடுத்து ஆக்களைச் சமாளிச்சாங்கள். காணிப் பங்கு பிரிக்கிற கதைதான். இதைச் சொன்ன பிறகு அவன் மறக்கமாட்டான்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலமை எண்ணெய் வச்சு முழுகி, கோயிலுக்குப் போய் வந்து, பிறகு நல்ல சாப்பாடு, பின்னேரம் வழமையான இடிமழை.

மத்தியானம் பல்கனியில காகத்துக்கு வடை வைக்கேக்க பெடியனுக்கு நேபாளக் கதை சொன்னன். அங்க இதே நாட்களிலதான் திகார் எண்டு அஞ்சு நாள் கொண்டாட்டம், அதில முதல் நாள் காகத்துக்கு, ரெண்டாம் நாள் நாய்க்கு. தெரு நாயெண்டும் பாக்கிறேல்லை, கழுத்தில மாலை, நெத்தியில பொட்டு, வயிறு நிறையச் சாப்பாடு. காகம் யமன்ர தூதன், நாய் யமன்ர வாசல் காவல் எண்டு அவையள் நம்பிறவை. நாங்கள் புரட்டாதிச் சனிக்குக் காகத்துக்குச் சோறு வைக்கிறது சனீஸ்வரனுக்காக. காகத்துக்கு ரெண்டு இடத்திலயும் மரியாதை பயத்தில வந்ததுதான் போல, எங்கட பல்கனிக்கு வாறதுகளுக்கு அது நல்லாத் தெரியும், வடை தராட்டி உடுப்புக் கொடியில வந்து இருந்து அதிகாரம் பண்ணுதுகள்.

ஒக்டோபர் 22, புதன்

இண்டைக்கு ஒபிஸில எல்லாரும் ஐஸ்லாந்து நுளம்பைப் பற்றித்தான் கதை. புத்தகத்தில "நுளம்பே இல்லாத நாடு: ஐஸ்லாந்து" எண்டு இருக்கு, நான் பள்ளிக்கூடத்தில படிச்சதும் அதுதான். இப்ப அங்க மூண்டு நுளம்பு பிடிபட்டிட்டுதாம்! ரெண்டு பொம்பிளை ஒரு ஆம்பிளை. கியோஸ் எண்டொரு பள்ளத்தாக்கில பூச்சி பாக்கிற பைத்தியம் உள்ள ஒருத்தர் அந்துப்பூச்சி பிடிக்கிறதுக்கு இனிப்புப் போட்ட வைனில கயிறை ஊறவைச்சுத் தொங்கவிட்டிருக்கிறார், அதில வந்து குந்தீட்டுதுகள்.

இவ்வளவு காலமும் ஏன் இல்லை எண்டதுதான் எனக்கு ருசி. குளிர் எண்டு மட்டும் சொல்லேலாது, பக்கத்தில கிரீன்லாந்தில கோடைகாலத்தில நுளம்பு மேகமா எழும்பும், நோர்வேயிலயும் தாராளம். ஐஸ்லாந்தில குளிர் ஒரே சீராப் பிடிச்சு நிக்கிறேல்லை, தண்ணி உறையும் உருகும் திரும்ப உறையும், கூட்டுப்புழுவா இருக்கிறது வெளியில வர வெளிக்கிடேக்க திரும்பவும் ஐஸ் பிடிச்சிடும், அதாலதான் நிலைக்கேலாமப் போச்சு எண்டுதான் கன காலமா விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தவை. இப்ப பிடிபட்டது குலிசெட்டா அன்னுலாட்டா எண்ட சாதி, அது மாட்டுக் கொட்டில், நிலவறை எண்டு ஒதுங்கிக் கிடந்து குளிரைத் தாங்கும். டெங்கு காவுற சாதி இல்லை. கப்பலிலயோ கொன்டெய்னரிலயோ வந்திருக்கலாம் எண்டு கதை. அதுகள் அங்க நிலைக்குதோ இல்லையோ எண்டு இனித்தான் பாக்கவேணும். இப்ப நுளம்பில்லாத இடம் எண்டு மிச்சம் இருக்கிறது அண்டார்டிக்கா மட்டும்தானாம்.

பின்னேரம் எங்கட மாடிக்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பூச்சாடித் தட்டு, குளிரூட்டித் தட்டு எல்லாம் டோர்ச் அடிச்சுப் பாத்திட்டுப் போனவர். அவருக்கு ஐஸ்லாந்துக் கதையைச் சொன்னன், "மூண்டே மூண்டா?" எண்டு சிரிச்சவர்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

ஒபிஸில இண்டைக்கு மெக்சிக்கோவுக்கு ஏத்துற கறுவா லோட். உலகத்தில எங்கட கறுவாவை ஆகக் கூட வாங்கிறது மெக்சிக்கோ. புதுசா வேலைக்கு வாறவை எல்லாரும் இதைக் கேட்டு அதிசயப்படுவினம், அமெரிக்கா, ஐரோப்பா எண்டுதான் நினைப்பு. அங்க இதுக்குப் பேர் கனேலா. மண் சட்டியில வேகவிடுற கோப்பியில இது ஒரு துண்டும் எங்கட சக்கரைக்கட்டி போல பிலொன்சீயோ எண்ட வெல்லமும் போடுவினம், அரிசியை ஊறப்போட்டு அரைச்ச ஓர்ச்சாத்தா எண்ட குளிர் பானத்திலயும் இதுதான் வாசம். சீனாவில, வியட்நாமில இருந்து வாற கசியா எண்ட மற்றச் சாதிக் கறுவா மலிவுதான், ஆனா அது ஒரே தடிச்ச மரப்பட்டை, கையால உடைக்கேலாது. எங்கட சாமான் விரலால நொருங்கும்.

ஸ்டோரில மருமகனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு குச்சியைக் கையில குடுத்தன். 42 அங்குல நீளம், அவன் நெஞ்சுக்கு மேல வருது. அந்த முனையை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தால் ஒண்டுக்குள்ள ஒண்டாச் சுருண்ட கடதாசி மெல்லிசுப் பட்டை, நடுவில சின்னச் சின்னத் துண்டுகள் இறுக்கி அடைஞ்சு இருக்கு. வெட்டின தடியில மேல் தோலைச் சுரண்டி எடுத்துப்போட்டு பித்தளை உருளையால தேய்ச்சுத் தேய்ச்சு இளக்குவினம், பிறகு கத்தியால ரெண்டு பக்கமும் கீறி உரிச்சு, ஒரு துண்டுக்குள்ள அடுத்ததைச் செருகி நீட்டி, கூரைக்குக் கீழ கயித்தில நிழலில காயவைப்பினம். வெய்யில் படப்படாது. அல்பா எண்ட ஆக உயர்ந்த தரம் பென்சிலை விட மெல்லிசு, அது உரிக்கிற கை இப்ப கிடைக்கிறது கஷ்டம், இளம் பெடியள் ஒருத்தரும் அந்த வேலைக்கு வாறேல்லை. கொழும்பில கறுவாத்தோட்டம் எண்டால் இப்ப பணக்கார வீடுகளும் தூதரகங்களும், ஒல்லாந்தர் காலத்தில அங்க உண்மையாவே கறுவா நிண்டது.

நவம்பர் 2, ஞாயிறு

இண்டைக்குக் கல்லறைத் திருநாள். கீழ் வீட்டு அன்ரி பூவும் மெழுகுதிரியும் வாங்கிக்கொண்டு கனத்தை மயானத்துக்குப் போனவ. மெக்சிக்கோவில இண்டைக்கும் நேற்றும் செத்தவைக்குப் பெருநாள், வீட்டில படம் வச்சு, அவைக்குப் பிடிச்ச சாப்பாடு வச்சு, செம்மஞ்சள் செவ்வந்தி (மேரிகோல்ட், செண்டுப்பூ) இதழால வாசலில இருந்து பாதை போடுவினம், வாசத்தைப் பிடிச்சு ஆவி வந்து சேரும் எண்டு. எங்கட ஆட்டத்திவசப் படையலும் இதுதானே, அப்பாவுக்கு அக்கா இப்பவும் ஒரு கோப்பை பால் தேத்தண்ணி வைக்கிறவ. அந்தச் செவ்வந்திக்குத் தாய் நாடே மெக்சிக்கோ, அங்க இருந்து வந்துதான் எங்கட கோயில் மாலையில ஏறினது. மிளகாயும் அந்தப் பக்கத்துச் சாமான்தான், போர்த்துக்கேயர் கொண்டு வர முந்தி எங்கட கறிக்கு உறைப்பு மிளகு.

நவம்பர் 5, புதன்

போயா, பௌர்ணமி லீவு. முழு நாளும் பெடியனோட நேரக் கணக்கு.

நேபாள மணிக்கூடு எங்களை விட 15 நிமிஷம் முன்னுக்கு. கௌரிசங்கர் மலைக்கு மேலால போற தீர்க்கக் கோட்டை வச்சுக் கணக்குப் பண்ணினதால வந்தது. இதைச் சிரிக்கிற எங்கட நாடு என்ன செய்தது? 1996ல கரண்ட் தட்டுப்பாடு எண்டு முதல் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, அதே வருஷம் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்து, 2006 ஏப்ரலில பழைய நேரத்துக்கே வந்தது. அந்தப் பத்து வருஷமும் புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னியில பழைய நேரம், இங்க புது நேரம், பஸ் எத்தனைக்கு எண்டு கேட்டால் "எந்த நேரப்படி?" எண்டு திருப்பிக் கேட்ட காலம்.

சமோவா இன்னும் ஒரு படி மேல. 2011 டிசம்பர் 29 வியாழன் படுத்த சனம் 31 சனி எழும்பினது, இடையில வெள்ளிக்கிழமையே இல்லை! வியாபாரம் முழுக்க ஒஸ்ரேலியா, நியூசிலாந்தோட, அவைக்குத் திங்கள் எண்டால் இவைக்கு ஞாயிறு, அதால திகதிக் கோட்டுக்கு மற்றப் பக்கம் தாவீட்டினம். அண்டைக்குப் பிறந்தநாள் வரவேண்டிய ஆக்கள் பாவம் எண்டு பெடியன் கவலைப்படுறான்.

ஆனா அக்காவே குசினியில இருந்து வந்து நிண்டு கேட்டது எதியோப்பியாக் கதைதான். அங்க நாள் சூரியன் உதிக்கத் தொடங்குது, எங்கட காலமை ஏழு மணி அவைக்கு ஒரு மணி. வருஷத்துக்கு 13 மாதம், கடைசி மாதத்துக்கு அஞ்சோ ஆறோ நாள்தான், வருஷப்பிறப்பு செப்டெம்பரில. இப்ப அங்க 2018ஆம் ஆண்டு. "பஞ்சாங்கமும் உதயத்தில இருந்துதானே நாழிகை எண்ணுது, அவங்கள் சரியாத்தான் செய்யிறாங்கள்" எண்டு அக்கா தீர்ப்புச் சொன்னவ. டெஃப் எண்ட பொடித் தானியத்து மாவைப் புளிக்கவிட்டுச் சுடுற இஞ்செரா எண்ட பெரிய தோசை ஒண்டைச் சுத்தி எல்லாரும் இருந்து சாப்பிடுறதும், பிரியமான ஆளுக்கு ஒரு வாய் உருட்டி ஊட்டுறதும் அவவுக்குப் பிடிச்சுது, குழைச்சுக் கவளம் தந்த அம்மம்மாவைப் பற்றி ஒரு அரை மணித்தியாலம் கதை.

நவம்பர் 9, ஞாயிறு

காலமை இடியப்பத்துக்குச் சீனிச்சம்பல். அக்கா மாசிக் கட்டையை உரலில போட்டு இடிக்கிற சத்தம் மூண்டாம் மாடிக்கும் கேட்டிருக்கும், அது விறகு மாதிரி இறுகிக் கிடந்தது. உடைஞ்ச இடத்தைப் பாத்தால் கடும் கபில நிறம், கண்ணாடி போல ஒரு மினுக்கம், புகை மணம். மாலைதீவில சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, வெய்யிலில காயவிட்டுச் செய்யிறது. இதே சூரையை ஜப்பான்காரர் அவிச்சுப் புகை போட்டு, அதுக்கு மேல வேணுமெண்டே பூஞ்சணம் பிடிக்கவிட்டுக் காயவைக்கிறாங்கள், கட்சுவோபுஷி எண்டு பேர். இடிக்கிறேல்லை, தச்சன்ர சீவுளி கவிட்டு வச்ச பெட்டியில சீவினால் சுருள் சுருளா விழும், அதில எடுக்கிற தண்ணிதான் அவங்கட முக்காவாசிச் சமையலுக்கு அடி.

மாலைதீவு மாசியைப் பற்றி இப்னு பதூதாவே எழுதியிருக்கிறார். மொரோக்கோவில இருந்து வெளிக்கிட்டு உலகம் சுத்தின பயணி, 1343ல மாலைதீவுக்கு வந்து காதியா (நீதவானா) இருந்து, கலியாணங்களும் கட்டி, பிறகு 1344ல இங்க வந்தவர். வந்து முதல் கண்டது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை, புத்தளத்தில. அரசனுக்குப் பாரசீகம் விளங்குமாம், அவரே ஆள் குடுத்து பாவாதமலைக்கு (சிவனொளிபாத மலைக்கு) அனுப்பி வச்சவர். திரும்பேக்க கொழும்பையும் பாத்து, செரண்டீப்பில, அதாவது இலங்கையில, ஆகப் பெரிய, வடிவான ஊர்களில ஒண்டு எண்டு எழுதினார். இங்க அதிகாரத்தில இருந்தவரிட்ட ஒரு ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அபிசீனியா எண்டால் அந்தப் பதின்மூண்டு மாத எதியோப்பியாப் பக்கம்! பெடியன் இதைக் கேட்டிட்டு வாயை மூடேல்லை.

அவர் பிறகு மாலி நாட்டுப் பக்கம் போகேக்க அங்க சந்தையில சோழி காசா ஓடுறதைக் கண்டார், மாலைதீவுக் கடலில அள்ளின அதே சாதிச் சோழி. எங்கட வீட்டில தாயம் விளையாடுறதுக்கு ஒரு தகரப் பேணி நிறைய இருக்கு, அந்தக் காலத்து மாலியில இது எவ்வளவுக்குப் போயிருக்கும் எண்டு பெடியன் கொட்டி எண்ணத் தொடங்கீட்டான், போட்டிக்குப் படிக்கிற பக்கம் அப்பிடியே கிடக்கு, அக்கா இன்னும் காணேல்லை.

நவம்பர் 13, வியாழன்

நாளைக்குப் போட்டி. அவன் படுக்கிறதுக்கு முதல் கேட்டது ஆர்ஜென்டினாவில ஏன் எல்லாரும் ஒரே உறிஞ்சியில மாத்தே எண்ட தேத்தண்ணி மாதிரிச் சாமானைக் குடிக்கிறவை எண்டு. ஊத்துறது ஒரே ஆள்தான், ஒவ்வொருத்தரும் முழுக்க உறிஞ்சி முடிச்சு அவரிட்டத் திருப்பிக் குடுக்கவேணும், நன்றி எண்டு சொன்னால் எனக்கு இனி வேண்டாம் எண்டு அர்த்தம், பிறகு உங்களுக்கு வராது எண்டு சொன்னன். "எச்சில் இல்லையா மாமா?" எண்டு கேட்டான். அதைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டு பதினொண்டரை ஆகீட்டுது, அக்கா லைட்டை நூத்துப்போட்டுப் போட்டா.