மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும்: தண்ணீர்ப்பள்ளி நாட்குறிப்பு

டிசம்பர் 22, ஞாயிறு

எங்களிடம் துணி வாங்கும் ஐரோப்பிய பையர்கள் ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். திருப்பூரில் மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டரைக் கப்பலேற்றும்வரை பின்தொடரும் வேலை, பார்ப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் ஷிப்மென்ட் தேதி கேட்டு மெயில் துரத்தும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்கும்தான் அந்தப் பக்கம் சத்தம் இருக்காது. அந்த வாரத்தையும் பாக்கி வேலை முடிக்கவே எடுத்துக்கொள்வோம். இந்த வருடம் குளித்தலைப் பக்கத்து ஆசிரமம் ஒன்றுக்குப் பஸ் ஏறுகிறேன். "நீ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லையே கண்ணு" என்றார் அம்மா.

டிசம்பர் 23, திங்கள்

தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையை ஒட்டிய சாந்திவனம். ஜூல்ஸ் மோன்ஷானென், ஹென்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருக்கள் 1950இல் காவி உடுத்தித் தொடங்கிய சச்சிதானந்த ஆசிரமம் இதுதான். லெ சோ அபிஷிக்தானந்தா என்ற பெயரை ஏற்றார். 1968இல் வந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1993இல் கண்மூடும்வரை இங்கேதான் வாழ்ந்தார்.

ஒரு நாளில் மூன்று வேளை வழிபாடு. நெற்றிக்குக் காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், அந்தியில் திருநீறு. இந்த வட்டாரத்துச் சைவர்களும் "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்" என்பார்கள். காலையில் குளித்தலைக் கடம்பவனநாதர், உச்சிவெயிலில் அய்யர்மலைப் படியேறி ரத்தினகிரீஸ்வரர், பொழுது சாய அக்கரையில் திருஈங்கோய்மலை என்று ஒரே நாளில் மூவரையும் சேவிப்பது பெரும் புண்ணியம். பொழுதை இப்படிச் சாமிக்கென்று பங்கிட்டுக் கொடுத்த ஊரில் வந்து இறங்கியிருக்கிறேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

விடியற்காலைத் தியானத்தில் உடம்பு அசையாமல் இருந்தது. உள்ளே தையல் லைன் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். பாதிதான் முடிந்திருக்கும், உச்சிவேளை மணி அடித்தது. இன்னும் நாலு கட்டுதானே என்று கை வேகமெடுத்தது. பக்கத்திலிருந்த அக்கா முறத்தைத் தள்ளி வைத்தார். "மணி அடிச்சிருச்சுங்க. கீரை எங்கயும் போயிறாது, எந்திரிங்க."

இவர்கள் பெனடிக்ட் சபை வழியினர். புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கிலேயே இது இருக்கிறது: வழிபாட்டுக்கு மணி கேட்டதும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். முடித்துவிட்டு வரச் சொல்லவில்லை. ஏறக்குறைய பதினைந்து நூற்றாண்டுக்கு முந்தைய அந்தத் துறவிகளும் என்னைப்போல வேலைவெறி பிடித்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்து பிறப்புத் திருப்பலி. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து பாடினோம். நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 27, வெள்ளி

ஓய்வை நாம் கூலியாக நினைக்கிறோம். எல்லா வேலையையும் முடித்தால்தான் கைக்கு வரும் கூலி. ஆனால் ஆர்டர் என்றைக்காவது முடிந்திருக்கிறதா? கோடைக்கால ஆர்டர் கப்பலேறும் முன்பே குளிர்காலத்துச் சாம்பிள் மேஜைக்கு வந்துவிடும். முடிந்தபின் ஓய்வு என்று காத்திருப்பவருக்கு ஓய்வு கிடைக்கப்போவதே இல்லை. ஊட்டிக்குப் போனாலும் ஒரு நாளில் எட்டு இடம் என்று பட்டியல் போடுகிறோம். தியானத்தைக்கூட டார்கெட்டாக மாற்றிவிட நமக்குத் தெரியும்.

இங்கே வேலை குறைவில்லை. மாட்டுத் தொழுவம், தோட்டம், அடுப்படி எல்லாம் உண்டு. ஆனால் நாளுக்கு மூன்று முறை, வேலை பாதியில் கிடக்கும்போதே, அது என் கையில் இல்லை என்று ஒப்புக்கொண்டு எழுந்து போகிறார்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வதற்கும் அப்படி எழுந்து நடப்பதற்கும் எவ்வளவு தூரம்! சிறுவயதிலிருந்து ஜெபிக்கிறேன்; விசுவாசம் காலில் இருக்கிறது என்று இந்த வாரம்தான் உணர்ந்தேன்.

ஜனவரி 2, வியாழன்

பையர்கள் திரும்பிவிட்டார்கள், மெயில்களும்தான். எங்கள் பங்குக் கோயிலில் திரிகால ஜெப மணி காலை, நண்பகல், மாலை அடிக்கிறது. கம்பெனிவரை கேட்கும். பன்னிரண்டு மணிக்கு எழுந்தேன். பாதி தட்டிய மெயில் திரையில் நின்றது. வராந்தாவில் "ஆண்டவருடைய சம்மனசு" என்று தொடங்கும் அந்த ஜெபத்தைச் சொல்லி முடித்து வந்து தொடர்ந்தேன். பக்கத்துச் சீட்டுத் தம்பி, "எங்கண்ணா போனீங்க?" என்றான். சொன்னேன். நாளைக்குத் தானும் வருகிறானாம். அவன் முருக பக்தன், கந்தர் அநுபூதியில் ஒரு பாட்டுச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னான்.