பூச்சியம் வந்ததோ, தம்பி?

1992இல் நான் ஆண்டு 10. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. எங்கள் ஆய்வுகூட அலுமாரியிலும் வெறும் போத்தல்கள்தான். விஞ்ஞானம் படிப்பித்த சேர் ஒருநாள் இரண்டு கடதாசிப் பொட்டலங்களோடு வகுப்புக்கு வந்தார். ஒன்றில் மஞ்சாடி விதை, மற்றதில் புளியங்கொட்டை. சேர்வைகளின் இரசாயனச் சூத்திரம் எழுதப் பழக்கத்தான் அவை. மஞ்சாடி நேரேற்றம், கொட்டை மறையேற்றம் என்றார். ஏற்றமுள்ள துணிக்கைகளான அயன்களைச் சேர்க்கும்போது இரண்டும் சமப்பட்டு, மொத்த ஏற்றம் பூச்சியமாக வேண்டும்.

சோடியம் குளோரைட்டு ஒன்றுக்கு ஒன்றாக உடனே முடிந்தது. அலுமினியம் ஒட்சைட்டில்தான் தடுமாறினோம். ஓர் அலுமினியம் அயனுக்கு மூன்று மஞ்சாடி, ஓர் ஒட்சைட்டு அயனுக்கு இரண்டு கொட்டை. ஒன்றுக்கு ஒன்று வைத்தால் ஒரு மஞ்சாடி மிஞ்சியது. இன்னோர் ஒட்சைட்டைச் சேர்த்தால் ஒரு கொட்டை மிஞ்சியது. இரண்டு அலுமினியம், மூன்று ஒட்சைட்டு என்று வைத்தபோதுதான் ஆறுக்கு ஆறு நின்றது. "பூச்சியம் வந்ததோ, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வாங்குகளுக்கு இடையில் நடந்தார்.

வலுவளவுகளை, அதாவது ஒவ்வோர் அயனின் ஏற்ற எண்ணையும் மற்றதன் கீழே, குறுக்கே மாற்றி எழுதும் சுருக்குவழி எங்களுக்கு ரியூசனில் ஏற்கெனவே பழக்கம். நான் அப்படியே கல்சியம் ஒட்சைட்டுக்கு இரண்டு கல்சியம், இரண்டு ஒட்சிசன் என்று எழுதிவைத்தேன். சேர் ஏசவில்லை. விதைகளை எண்ணச் சொன்னார். நாலுக்கு நாலு. "பூச்சியம் சரி. ஆனால் அது எப்ப முதலில் வந்தது?" பாதி விதைகளை எடுத்துவிட்டேன், அப்போதும் பூச்சியம்தான். உப்புப் பளிங்கில் தனித்தனிச் சோடிகள் இல்லை, கணக்கில்லாத அயன்கள் மாறிமாறி அடுக்கியிருக்கின்றன, சூத்திரம் சொல்வது அவற்றின் ஆகச் சிறிய விகிதத்தை மட்டுமே என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சுருக்குவழியில் அது எனக்குக் கிடைத்திருக்காது.

வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு வைத்து அடைப்புக்குறி படிப்பித்தார். அது கல்சியம் ஐதரொட்சைட்டு. ஒரு கல்சியத்துக்கு ஐதரொட்சைட்டு இரண்டு வேண்டும். அடைப்பில்லாமல் இரண்டைப் போட்டால் ஐதரசன் மட்டுமே இரண்டாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது படிகாரம். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க வீட்டில் போடுவோமே, அதேதான். பொற்றாசியத்துக்கு ஒரு மஞ்சாடி, அலுமினியத்துக்கு மூன்று. ஒரே சேர்வையில் இரண்டு நேரயன்கள்! குறுக்கே மாற்ற வழியே இல்லை. எண்ணத்தான் வேண்டும். சல்பேற்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொட்டை, ஆகவே இரண்டு சல்பேற்று. அதோடு 12 நீர் மூலக்கூறுகளும் உண்டு என்றார். "தண்ணீருக்கு எத்தனை விதை, சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். "ஒன்றும் வேண்டாம், அதுக்கு ஏற்றம் இல்லை" என்று சொன்னவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார் போல.

சேர் இப்போது இல்லை. அவரிடம் நேரில் நன்றி சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அதனால் இந்த மலரில் எழுதுகிறேன்.

போன மாதம் இங்கே ரொறன்ரோவில் என் மகள் மகனீசியம் ஒட்சைட்டை இரண்டுக்கு இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்தாள். மஞ்சாடிக்கு எங்கே போவது? மைசூர்ப் பருப்பையும் கறுப்பு உளுந்தையும் மேசையில் கொட்டினேன். நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் அமோனியம் சல்பேற்று வரை போயிருந்தாள்.