மகாண்டாவுக்கு அனுப்புவதா? தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 8

ரோட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) மதிப்பெண்கள் நிபந்தனைப்படி அமைந்தால் மகளுக்கு அறிவியல் இளங்கலையில் இடம் உறுதி. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. அங்கே கடல் உயிரியல் படிக்கலாம், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே தினமும் போய்வரலாம். ரோட்ஸ் இருப்பதோ கிழக்கு கேப் மாகாணத்து மகாண்டாவில். 2018 வரை கிரஹாம்ஸ்டவுன் என்று வழங்கிய அந்தச் சிற்றூர் டர்பனிலிருந்து 800 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. விமானத்தில் போனாலும் போர்ட் எலிசபெத்தில் (2021 முதல் கெபெர்ஹா) இறங்கி, மேலும் 130 கிலோமீட்டர் சாலை வழியே போகவேண்டும்.

மகள் படிக்க விரும்புவது மீனியல். அதற்கென்று ரோட்ஸில் தனித் துறை இருக்கிறது. இந்த ஆசை நேற்று முளைத்ததன்று. ஜூன், ஜூலை மாதங்களில் மத்தி மீன் கூட்டம் தென்கரையோரம் வரும்போது அவளுடைய சின்னத் தாத்தா கரைவலை இழுப்பார். சிறு வயது முதலே அவள் அந்த மணலில் நின்று பார்த்து வளர்ந்தவள். சில ஆண்டுகளில் மீன் கூடை கூடையாக வருவதும், சில ஆண்டுகளில் எட்டிக்கூடப் பார்க்காததும் ஏன் என்று அப்போதே எல்லாரையும் கேட்டுக்கொண்டிருப்பாள். குளிர்நீரில் வாழும் அட்லாண்டிக் பக்கத்து மத்திகளே இப்படிக் கிழக்கே வருகின்றன என்று காட்டும் மரபணு ஆய்வு 2021-இல் வெளியானபோது, அதை எனக்கு வரி வரியாக விளக்கியவளும் அவள்தான்.

நவம்பர் 12

வீட்டில் பேச்சு முழுவதும் இதுவே. மகளின் பாட்டியான ஆயாவுக்குச் சம்மதமில்லை. "வீட்டுப் பக்கத்துலயே காலேஜ் இருக்கும்போது பொம்பளப் புள்ளய ஏன் அவ்வளவு தூரம் அனுப்பணும்?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய கவலையில் பாதி என்னிடமும் இருப்பதால் என்னால் உடனே மறுத்துப் பேச முடியவில்லை.

மாமனார் சற்று நேரம் கழித்துத்தான் வாய் திறந்தார். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை இன வாரியாகப் பிரித்ததையும், இந்தியருக்கென்று 1961-இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் கல்லூரி தொடங்கியதையும், தாம் தினமும் படகேறிப் படிக்கப் போனதையும் பேத்திக்குச் சொன்னார். எங்கே படிப்பது என்று அவரை யாரும் கேட்கவில்லை. ரோட்ஸ் போன்ற இடத்துக்கு அவர் போக நினைத்திருந்தால் அமைச்சரிடம் அனுமதி வாங்கவேண்டியிருந்திருக்கும். "யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், கையில் என்ன கொடுத்துப் பழக்குகிறார்கள், அதைப் போய்ப் பாருங்கள்; தூரத்தை அப்புறம் பேசலாம்" என்று முடித்தார். தேர்வுகள் முடிந்ததும் நேரில் போவதென்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று.

டிசம்பர் 9, ஈஸ்ட் லண்டன்

கோக்ஸ்டாட், உம்தாத்தா வழியாக நாள் முழுவதும் கார் ஓட்டி இங்கே வந்து தங்கினோம். சாலையில் ஆடுமாடுகள் குறுக்கே வருவதால் விரைந்து வர வழியில்லை. காலையில் ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தில் சீலகாந்த் மீனைப் பார்த்தோம். உலகை விட்டே மறைந்து ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்று கருதப்பட்ட இனம் அது. 1938 டிசம்பரில் இந்தக் கடற்கரைக்கு அப்பால் ஓர் இழுவைப் படகின் வலையில் சிக்கியது. மீன்குவியலில் அதைக் கண்டெடுத்துக் காத்தவர் இந்த அருங்காட்சியகத்தின் இளம் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னே-லாட்டிமர். அது இன்னதென்று கண்டறிந்தவர் ஜே.எல்.பி. ஸ்மித், ரோட்ஸில் வேதியியல் கற்பித்தவர். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அந்த உடலில் துடுப்புகள் சதைப்பற்றுள்ள தண்டுகளின் நுனியில் விரிந்திருக்கின்றன. மகள் கண்ணாடியருகே குனிந்து, அந்தத் தண்டுகளை ஒவ்வொன்றாக நோட்டில் வரைந்துகொண்டாள். 2000-இல் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்து சொட்வானா விரிகுடாவிலும் முக்குளிப்போர் இதே இனத்தை உயிருடன் கண்டார்கள் என்று, அருகில் நின்ற சிறுவனுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள்.

டிசம்பர் 10, மகாண்டா

பெரிய மீன் ஆற்றைக் கடந்து ஊருக்குள் வந்தோம். பள்ளத்தாக்கில் அடங்கிய ஊர். ஹை ஸ்ட்ரீட்டின் நடுவே பேராலயம், தெருமுனையில் பழைய வளைவு, அதற்குள் பல்கலைக்கழகம். விடுமுறை என்பதால் மாணவர்கள் இல்லை. கடைவீதியில் கழுதைகள் தம்பாட்டுக்குத் திரிகின்றன. விடுதியிலிருந்து வகுப்புக்கும் நூலகத்துக்கும் நடந்தே போய்விடலாம். ஸ்மித்தின் பணியிலிருந்து வளர்ந்த நீர்வாழ் பல்லுயிர் ஆய்வு நிறுவனமும் இதே ஊரில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கண்ணாடிச் சாடிகளில் மீன் மாதிரிகளைச் சாராயத்தில் இட்டுக் காத்துவைத்திருக்கிறார்கள். மீன் படிப்பவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரவில் விருந்தினர் இல்லத்துக் குழாயைத் திறந்தேன். முதலில் காற்று இரைந்தது, பிறகு பழுப்பு நீர் சற்று வந்து நின்றது. குளியலறையில் மூடிபோட்ட வாளியும் குவளையும் தயாராக வைத்திருந்தார்கள். வெளியே மழைநீருக்கு ஜோஜோ டேங்க். இந்த ஊரின் தண்ணீர்ப் பஞ்சம் நாடறிந்தது. மேற்குப் பக்கத்துக்கு நீர் தரும் அணைகள் மழையை நம்பியவை. கிழக்குப் பக்கத்துக்கு ஆரஞ்சு ஆற்று நீர் வெகுதொலைவிலிருந்து சுரங்கக் கால்வாய் வழியே வந்தாலும், சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நெடுங்காலமாகத் தேவைக்குப் போதாமல் இருந்தது. 2019 வறட்சியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் தொண்டு நிறுவனம் இங்கே வந்து ஆழ்துளைக் கிணறுகள் தோண்டவேண்டியிருந்தது. விடுதிகளில் சேமிப்புத் தொட்டிகள் உண்டு, ஆனாலும் வாளிக் குளியல் பழகவேண்டும் என்று வீட்டுக்காரம்மா ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மகள் தலையசைத்தாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 13

பணக் கணக்கு. எங்கள் ஆண்டு வருமானம் 350,000 ராண்டைத் தாண்டுவதால் அரசின் மாணவர் நிதித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவித்தொகை கிடையாது. வெஸ்ட்வில் என்றால் விடுதிச் செலவே இல்லை. மகாண்டா என்றால் விடுதி, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேரும். என் கணவர் தம் பழைய காரை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதென்றும், நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்போடு வீட்டிலும் பாடம் சொல்லிக்கொடுப்பதென்றும் முடிவு செய்தால் சமாளிக்கலாம்.

ஜனவரி 20

மதிப்பெண்கள் நிபந்தனைக்கு மேலேயே வந்திருக்கின்றன. மாலையில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். என் கருத்தை நான் மழுப்பவில்லை. முதலாண்டில் விலங்கியல், வேதியியல் போன்ற அடிப்படைப் பாடங்கள்தாம், மீனியல் பின்னர்தான் வரும். அதுவரை பொறுமை வேண்டும். தமிழ் பேசும் முகம் அங்கே அபூர்வம். தைப்பூசக் காவடிக்கு ஒவ்வோர் ஆண்டும் வந்துபோக இயலாது; போர்ட் எலிசபெத்தில் இந்தியர் வாழும் மலபார் பகுதிக்கு எப்போதாவது போய்த்தான் கோயிலைப் பார்க்கலாம். இவை உண்மையான இழப்புகள். ஆனால் தான் விரும்பும் துறையின் ஆய்வுக்கூடம் நடக்கும் தூரத்தில் இருக்கும் ஊரில் அவள் மூன்று நான்கு ஆண்டுகள் வாழ்வது, இங்கே பாதி நாளைப் போக்குவரத்து நெரிசலில் கழிப்பதைவிட மேலென்றே நான் நம்புகிறேன். ஊர் சிறியது என்பதற்காகப் படிப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆயா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, வாரம் ஒருமுறை வீடியோவில் முகம் காட்டவேண்டும், ஊறுகாயைத் தாமே போட்டுத் தருவேன் என்றார்.

ஜனவரி 23

ரோட்ஸுக்கு ஒப்புதல் அனுப்பி முன்பணமும் கட்டியாயிற்று. உணவுக்கூடத்தில் சைவச் சாப்பாட்டைப் பதிவுசெய்யும் முறையையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கொண்டுவிட மாமனாரும் வருகிறார். முதுகுவலிக்காரர் என்பதால் வழியில் இரண்டு இரவுகள் தங்கிப் போகப்போகிறோம். வெஸ்ட்வில்லுக்கு இடம் வேண்டாம் என்று மகளே இன்று எழுதிவிட்டாள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் வேறொரு பிள்ளைக்கு அது சீக்கிரம் போய்ச் சேரட்டும்.