வலிப்பு வருகிறவன் குடிக்கலாமா?

“வலிப்பு வருகிறவன் குடித்தால் திண்ணை, வராதவன் குடித்தால் தெரு. அப்படித்தானேங்க சார்?” என்று அந்தப் பையன் கேட்டான். குடியை விட நினைக்கிறவர்கள் தங்குகிற இல்லம் எங்களுடையது. நான் அதற்கு வார்டன், அவன் அங்கே தங்கியிருந்தவன். குடித்துவிட்டு வந்த பெரியவர் ஒருவரை, இல்லத்து விதிப்படி வெளியே அனுப்பாமல் இரவு திண்ணையில் படுக்க வைத்திருந்தேன். மறுநாள் காலையில் வந்த கேள்வி இது.

“உயிருக்கு ஆபத்து என்றால் இல்லத்து விதியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது” என்றேன். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பதிலில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். கோபித்துக்கொண்டு போயிருந்தால் இத்தனை நாள் மனதில் கிடந்திருக்காது. சமையலறைக் கணக்கை முடித்து, மீதிச் சில்லறையை என் மேசையில் எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

பெரியவர் குடித்தது கள். “கள்ளுத்தானுங்களே தம்பி” என்று அதை ஒரு சலுகை கேட்கிற குரலில் சொன்னார். பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் இல்லத்தைச் சுற்றிலும் தென்னந்தோப்பு. காலையும் மாலையும் ஆட்கள் மரம் ஏறிக் கலயத்தை இறக்குவார்கள். கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் பர்மிட் போட்டு வண்டி வண்டியாகக் கள் போவது இங்கிருந்துதான். கிழக்கே எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தைத் தாண்டினால் அதே தென்னை, அதே பாளை, இறக்கினால் வழக்கு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கத்தில் 1996-இல் சாராயத்தை ஒழித்தார்கள், கள்ளை விட்டுவைத்தார்கள். மாதத்தின் ஒன்றாம் தேதி கேரளத்தில் மதுக்கடை திறக்காது என்று நம் ஆட்கள் பஸ் பிடித்து டாஸ்மாக்குக்குப் போவார்கள். திருவள்ளுவர் தினத்தில் அங்கே கதவு சாத்தினால் கூட்டம் இங்கே வரும். குடியை விட நினைக்கிறவர்களுக்கு இப்படி ஓர் இடத்தில் வீடு பார்த்தது யார் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். வாடகை குறைவு, அவ்வளவுதான் காரணம்.

பெரியவர் பல வருடங்கள் வாளையாறு சோதனைச்சாவடியை நம்பிப் பிழைத்தவர். லாரிகள் நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. டிரைவருக்குச் சாப்பாடு வாங்கி வருவது, காகிதத்தைக் கவுண்டருக்குக் கொண்டு ஓடுவது, சரக்குக்குக் காவல் படுப்பது என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். கூலியில் பாதி பணமாக வரும், பாதி குவார்ட்டராக வரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடிகள் போயின, வரிசையும் போனது. ஊருக்கெல்லாம் நல்ல காரியம்தான். இவருக்குப் பாதிப் பணம் நின்றது, பாதிக் குவார்ட்டர் நிற்கவில்லை. வீட்டில் சேர்க்கவில்லை. ரேஷன் கார்டில் பேர் எடுபட்டது. மூடிய கடைகளின் முன்னால் படுத்தார். எங்களிடம் வரும் முன்பு இரண்டு தடவை வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கல்லீரல் கெட்டிருந்ததால், குடித்தால் உடம்பை முறிக்கும் அந்த மாத்திரையை டாக்டர் இவருக்கு எழுதவில்லை. அவரைத் தடுக்க அவர் மனதைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று அர்த்தம்.

எங்கள் விதியை நான் போடவில்லை. இல்லத்தில் இருந்தவர்களே உட்கார்ந்து பேசி, கை தூக்கி, முடிவு செய்தது அது: குடித்துவிட்டு வருகிறவர் அன்றிரவே வெளியேற வேண்டும். பஸ் செலவுக்குப் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கலாம். கெட்டியான அட்டையில் அதை எழுதிச் சமையலறைச் சுவரில் மாட்டியது இந்தப் பையன்தான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில்லில் வேலை பார்த்தவன், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

அந்த இரவு ஒன்பது மணிக்குமேல் பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாடை எனக்கே முதலில் வந்தது. எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். உள்ளே விடவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு பேசியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். கேட்டுக்கு உள்ளே, கதவுக்கு வெளியே, திண்ணையில் பாயைப் போடச் சொன்னேன். நானும் நாற்காலியைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்தேன். குடி நின்றபின் வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு அலறுகிற நிலை அதற்கும் பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து வரும். ஒவ்வொரு தடவை விட்டுத் தொடங்கும்போதும் முந்தியதைவிட மோசமாகலாம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஏற்கனவே வலிப்பு கண்ட மனிதரை இருட்டில் கோபாலபுரம் ரோட்டில் விட்டுவிட்டு நான் எப்படித் தூங்குவது?

இதைப் பின்னால் எங்கள் டாக்டரிடம் சொன்னபோது அவர் அவ்வளவு பதறவில்லை. மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்து ஒரு மாலை மட்டும் குடித்தவருக்கு, விடாமல் குடித்தவருக்கு வருகிற அளவு ஆபத்து பொதுவாக வராது என்றார். பழைய வலிப்பு இருப்பதால் கவனித்தது நல்லதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். முதல் வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் ஒன்று உண்டு. திண்ணையில் பாய் போடச் சொன்னபோது நான் இந்தக் கணக்கெல்லாம் போட்டேனா, இல்லை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுத்து, வலிப்பைப் பிறகு துணைக்கு அழைத்துக்கொண்டேனா? ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது, மறுநாள் வேறு மாதிரி.

பையன் காலையில் வந்தான். அவன் பேச்சு முழுவதையும் இங்கே எழுத வேண்டியதில்லை. அவன் சொன்னதில் பாதி சரி, பாதி வயதுக்குரிய சூடு. “நான் இங்கே வந்ததே, குடித்தவன் பக்கத்தில் படுக்க வேண்டாம் என்றுதானுங்க சார்” என்றான். இரவு முழுக்கத் திண்ணையிலிருந்து ஜன்னல் வழியாகக் கள் வாடை வந்தது என்றான். அதற்கு நான், “ஜன்னலைச் சாத்தியிருக்கலாமே” என்றேன். தோப்பு முழுக்க அடிக்கிற வாடைதானே என்றும் சொன்ன நினைவு. அதற்குப் பிறகுதான் அவன் வலிப்புக் கேள்வியைக் கேட்டான்.

மழைக்கு முன்பு ஒருவனை இதே விதியின்படி அனுப்பியிருந்தோம். மாத்திரைப் பழக்கம் உள்ளவன், பையனோடு ஒரே அறையில் இருந்தவன். அன்று எல்லோரும் தயங்கி நின்றபோது, “எழுதிப் போட்டிருக்கிறோமே” என்று முதலில் சொன்னதும், அவனை பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிப்போய் ஏற்றிவிட்டதும் இந்தப் பையன்தான். அந்த நண்பனுக்குப் பல்லடத்தில் அக்கா இருந்தாள், நடக்கிற நிலையில் இருந்தான், வலிப்பு என்றைக்கும் வந்ததில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று என்னால் வரிசையாகக் காரணம் சொல்ல முடியும். சொல்லவும் செய்தேன். பையன் கேட்டுக்கொண்டுதான் நின்றான். நண்பனை அனுப்பியதற்கு ஓர் அர்த்தம் இருந்தது என்று அதுவரை நம்பியிருந்தான், அதை என் காரணங்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தன என்று எனக்கு இப்போது படுகிறது. அப்படி நினைப்பது அவனைக் கொஞ்சம் காவியமாக்குவதும் ஆகலாம். மில்லில் கூலி உயர்ந்திருக்கிறது என்று அதற்கு முந்திய வாரமே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

பயிற்சிக்குப் போனபோது வெளிநாட்டு இல்லங்களைப் பற்றி வகுப்பு எடுத்தார்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1975-இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸில் வார்டன் என்று ஒருவர் கிடையாது. குடியிருப்பவர்களே செலவைப் பங்கிட்டு, ஓட்டுப் போட்டு வீட்டை நடத்துவார்கள். திரும்பக் குடித்தவரை வெளியே அனுப்பிவிடுவார்கள், அதில் இரக்கத்துக்கு இடமில்லை. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்பவர் நேர் எதிராகத் தொடங்கினார். தெருவில் இருப்பவருக்கு முதலில் வீட்டுச் சாவியைக் கொடு, குடியை விட்டால்தான் வீடு என்று நிபந்தனை வைக்காதே என்றார். வகுப்பில் இரண்டையும் குறிப்பெடுத்துக்கொண்டேன், இரண்டும் நல்லதாகவே தோன்றின. அவர்களுக்கு வசதி என்னவென்றால், முதலாவது ஒரு வீட்டில், இரண்டாவது வேறு வீட்டில். எங்களுக்கு இருப்பது ஒரே வீடு, ஒரே கழிப்பறை வரிசை, ஒரே திண்ணை. பையனுக்கு முதல் வகை வீடு வேண்டும், பெரியவருக்கு இரண்டாவது. நான் இருவரிடமும் வாடகைப் பங்கு வாங்கிக்கொண்டிருந்தேன்.

நம் நாட்டுச் சட்டத்தையும் அந்த வாரம் எடுத்துப் படித்தேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவும் போதையும் கொண்டுவரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரையறைக்குள் சேர்க்கிறது. வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது, வெளியே வாழ இடைநிலை இல்லங்கள் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆளை எங்கள் கேட் வரை கொண்டுவந்து விடுகிறது. ஒன்பது மணிக்குமேல் அவர் வாடையோடு வந்தால் என்ன செய்வது என்பதை வார்டனுக்கு விட்டுவிட்டது.

என்னைத் தேற்றியவர்கள், ஓர் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றார்கள். பெரியவருக்கு அன்று வலிப்பு வரவில்லை. கஞ்சி குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினார், குறட்டைகூட விட்டார். அப்படியானால் எதைக் காப்பாற்றினேன்? குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று மத்திய அரசின் 2019 அறிக்கை சொல்கிறது. பையன் அந்த ஒருவன். சிகிச்சை முடித்து, வீடு கிடைத்து, குடிக்காமல், கணக்கெழுதிக்கொண்டு இருந்தவன். குடித்தவர் உள்ளே, குடிக்காதவன் வெளியே என்று ஒரு காலைப்பொழுது முடிந்தது. இப்படி எழுதிப் பார்த்தால் என் பக்கம் மிக மோசமாகத் தெரிகிறது. ஆனால் அவனை யாரும் அனுப்பவில்லையே, அவனாகத்தானே போனான் என்று உடனே மனது எழுந்து நிற்கிறது.

அடுத்த கூட்டத்தில் விதியை மாற்றும் பேச்சு வந்தது. யாரும் எதிர்பார்க்காதபடி பெரியவர் எழுந்து, “என்னை அன்றைக்கே வெளியே அனுப்பியிருக்க வேண்டுமுங்க, அந்தப் பையன் சொன்னதுதான் சரி” என்றார். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். எனக்கு மட்டும் ஆத்திரம் வந்தது. திண்ணையில் படுத்து எழுந்தபிறகு இதைச் சொல்வது எளிது. அன்றிரவு கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் இதைச் சொல்லவில்லை, “தம்பி, விட்டுவிடாதீங்க” என்றுதான் சொன்னார். அதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.

பேசிப் பேசிப் புதிய விதி ஒன்று வந்தது. குடித்துவிட்டு வருகிறவருக்கு இல்லமும் இல்லை, தெருவும் இல்லை. ஆட்டோ வைத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. திரும்ப எடுப்பதை மற்றவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது. பையனுக்கு போன் செய்து இதைச் சொன்னேன், அவன் கேள்விக்கு இது பதில் என்ற நினைப்போடு. மில் இரைச்சலில் அவன் பாதியைக் கேட்டிருப்பான். “நல்லதுங்க சார். அந்த மாமா எப்படி இருக்காருங்க?” என்றான். நன்றாக இருக்கிறார், நீ வருகிறாயா என்றேன். “இல்லைங்க சார், இங்கே மில்லிலேயே ரூம் கொடுத்திருக்கிறார்கள்” என்றான். ரூமில் கூட இருப்பவர்கள் குடிப்பார்களா என்று கேட்க நினைத்தேன். அவர்கள் குடிப்பார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

புதிய விதிக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. வந்து சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒருவர் குடித்துவிட்டு வந்து நின்றார், ஆட்டோவை வரவழைத்தோம். கேரளத்து ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்க வைக்கும் முன் கேட்பது, பைஸ்டாண்டர் யார் என்றுதான். கூட நிற்க ஆள் வேண்டும். வீடில்லாதவர்களுக்காக விதி எழுதிய நாங்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் நானே ஆட்டோவில் ஏறினேன். அன்றிரவு இல்லத்துச் சாவியை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். வரிசையாக நின்றவர்களைப் பார்த்தேன், பெரியவரிடம் கொடுத்தேன். பையன் இருந்திருந்தால் அவனிடம் கொடுத்திருப்பேன்.