தைமஸ் சுரப்பியும் ஏழைகளின் உடல்களும்

உடற்கூறியல் துறையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழைய பாடநூல்கள் மேல் ஒரு பக்தி உண்டு. 1858-ல் லண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், ஒவ்வொரு நரம்பின் பெயரையும் அந்த நரம்பின் மேலேயே எழுதிவிட்டார். படிக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் துறையின் பழைய அலமாரி என் பொறுப்பில் வந்தபோது, அதே காலத்துக் குழந்தை நோய் நூல்களையும் கூடவே வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். அதிலிருந்து தைமஸ் சுரப்பி என் மனதைவிட்டு அகலவில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பது, குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து பிறகு சுருங்கிவிடும். வகுப்பில் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிற பாடம் அது.

நன்றாக இருந்த கைக்குழந்தை திடீரென்று மூச்சு திணறி இறந்துபோகும். ஏன்? வீங்கிய தைமஸ் மூச்சுக்குழாயை நெரிக்கிறது என்றார் ஜெர்மானிய மருத்துவர் கோப், 1830-ல். 'தைமஸ் ஆஸ்துமா' என்று பெயரும் வைத்தாயிற்று. கிரேயின் நூல் வந்த அதே 1858-ல், பிரான்க்ஃபர்ட்டின் ஃப்ரீட்லேபன் அப்படி ஒரு நோயே இல்லை என்று எழுதினார். ஆனாலும் 1889-ல் வியன்னாவின் பால்டாஃப், பெரிய தைமஸ் உள்ள உடல்வாகே ஆபத்தானது என்று அந்தக் கருத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்.

சரி, 'பெரியது' என்று எதை வைத்துச் சொன்னார்கள்? இங்கேதான் என் துறையின் பங்கு வருகிறது. பிரிட்டனில் 1832-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழைகள் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, யாரும் கேட்டு வராத உடல்கள்தான் அறுவை மேசைக்கு வந்தன. பசியிலும் நாள்பட்ட நோயிலும் தைமஸ் வேகமாகச் சுருங்கும். ஊட்டம் குறைந்தால் அது மெலியும் என்று ஆங்கிலேய மருத்துவர் ஜான் சைமன் 1845-லேயே எழுதியிருந்தார். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கிலும் காசநோயிலும் வாடி இறந்த குழந்தைகளின் தைமஸைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, திடீரென்று இறந்த கொழுகொழு குழந்தையின் தைமஸ் வீங்கியதாகத்தானே தெரியும்? உண்மையில் அதுதான் இயல்பான அளவு.

இந்தத் தவறு புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இருபதாம் நூற்றாண்டில், எந்த நோயும் இல்லாத குழந்தைகளின் தைமஸைச் சுருக்க எக்ஸ்ரே கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. 1950-ல்தான் இரண்டுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ இதழில் எழுதினார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அளந்த யாரும் அளவைத் தப்பாகக் குறிக்கவில்லை. அந்த உடல் எந்த வீட்டிலிருந்து வந்தது, என்ன சாப்பிட்டு வளர்ந்தது என்பதைத்தான் யாரும் பக்கத்தில் எழுதி வைக்கவில்லை.

இப்போது தைமஸ் பாடத்துக்கு முழு வகுப்பு எடுக்கிறேன். கைக்குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயைத் திரையில் போட்டதும், இதயத்தின் ஓரம் பாய்மரத் துணி மாதிரி விரிந்திருக்கும் நிழலைப் பார்த்து "கட்டியா மேடம்?" என்று யாராவது கேட்பார்கள். தைமஸ்தான், ஆரோக்கியமான குழந்தை என்று சொல்லிவிட்டு, மருத்துவர் கோப் 1830-ல் சொன்னதிலிருந்து கதையைத் தொடங்குவேன். எங்கள் உடற்கூறு கூடத்துக்கு வரும் உடல்களில் பெரும்பாலானவை முதியவர்கள் தானமாகத் தந்தவை, மீதி உரிமை கோரி யாரும் வராதவை. அதனால் மாணவர்கள் ஓர் உறுப்பின் எடையைக் குறிக்கும்போது, வயதையும் இறந்த காரணத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதாத பதிவேட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.