வலது முன்சக்கரச் சூடும் ஒரு பிரேக் ஹோஸும்

துவாக்குடி தாண்டி, தஞ்சாவூர் சாலையில் காரை ஓரங்கட்டி இறங்கியபோதுதான் அந்தக் கருகல் வாடையை முதலில் உணர்ந்தேன். கார் 2007-ஆம் ஆண்டு வேகன் ஆர். இடது முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் வழக்கமான சூடுதான் இருந்தது. வலது பக்கத்திலோ அரை அடி தள்ளியே கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தபோது கார் இலகுவாக உருண்டது. நான்கைந்து முறை பிரேக் பிடித்ததும் மறுபடியும் இழுவை தொடங்கிவிட்டது.

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் இறுகியிருக்கும் என்று நானே முடிவுகட்டி, முதல் ஞாயிறு முழுவதையும் அதற்கே செலவழித்தேன். சீல் கிட் வாங்கி, காலிப்பரைக் கழற்றிப் பிரித்தால், பிஸ்டனில் துருவின் சுவடே இல்லை; விரலால் தள்ளினாலே உள்ளே போனது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வாங்கிய கிட்டை வீணாக்குவானேன் என்று மாற்றி மூட்டினேன். மறுநாள் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் அதே வாடை.

அடுத்த ஞாயிறு, எதையும் கழற்றுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது என்று உறுதி செய்துகொண்டேன். பின்சக்கரங்களுக்குச் செங்கல் அணை கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய முன்பக்கத்தை ஸ்டாண்டில் இறக்கி, கழற்றிய சக்கரத்தைப் பாதுகாப்புக்காக வண்டிக்கடியில் தள்ளிவைத்தேன். பெடலை ஐந்தாறு முறை அழுத்தி விட்டபின் டிஸ்க்கைக் கையால் சுற்றினால் அசையவில்லை. காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற உள்ள நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும் பிரேக் ஆயில் ஒரு பீச்சுப் பீச்சியது; டிஸ்க் உடனே விடுபட்டது. ஆகவே பிஸ்டன் இறுகவில்லை, அதன் பின்னால் அழுத்தம் சிக்கிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவாயிற்று. நிப்பிளை மூடி, மறுபடி பெடலை அழுத்தி விட்டு, இம்முறை காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர்க் குழாயான ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் வந்து சேரும் நட்டைத் தளர்த்தினேன். இணைப்பில் லேசாக ஈரம் கசிந்ததே தவிர டிஸ்க் விடுபடவில்லை. கோளாறு, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்திருந்தால் இந்த இடத்தைத் திறந்ததுமே சக்கரம் சுற்றியிருக்கும். எஞ்சியது அந்த ஹோஸ் மட்டும்தான். வெளிப்பார்வைக்கு அதில் ஒரு வெடிப்புகூட இல்லை.

பிரேக் ஆயில் போகும்போது போய், வரும்போது மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது என்பது சற்று யோசித்தால் புரியும். காலால் மிதிக்கும்போது மிகுந்த அழுத்தம் பிறப்பதால், உள்ளே குறுகிப்போன ஹோஸிலும் ஆயில் இடித்துப் புகுந்துவிடுகிறது. ஆனால் டிரம் பிரேக்கில் இருப்பதுபோல் இழுத்துவிடும் ஸ்பிரிங் டிஸ்க் காலிப்பரில் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் முறுக்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும்போது மில்லிமீட்டரில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. அடைத்த துளையின் வழியே ஆயிலைத் திருப்பித் தள்ள அந்த வலு போதாது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வயது இரண்டுக்கும் ஒன்றுதான். எனவே முன்பக்க ஹோஸ்கள் இரண்டையும் வாங்கினேன். பிரேக் ஹோஸுக்கான தரக்குறி எஸ்.ஏ.இ. ஜே1401 என்று மேலே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, புதிய செப்பு வாஷர்களையும் கேட்டு வாங்கினேன். பழைய நட்டில் சாதாரண ஸ்பேனரைப் போட்டால் மூலைகள் மழுங்கிவிடும். குழாய் நட்டுக்கென்றே ஒரு பக்கம் பிளவு விட்ட 10 மி.மீ. ரிங் ஸ்பேனர் கிடைக்கிறது. அது இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. துருநீக்கி அடித்து ஓர் இரவு ஊறவிட்டும், நட்டோடு சேர்ந்து இரும்புக் குழாயும் சுற்றப் பார்த்தது. கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று அரை மணி நேரம் பொறுமையாகச் செய்த பிறகே கழன்றது.

புதிய ஹோஸின் மேல்முனையைக் கையால் நூலிழை பிடிக்கவைத்து, பிராக்கெட்டில் கிளிப்பை அடித்து, காலிப்பர் முனையைக் கடைசியில் இறுக்கினேன். மேலே ஓடும் வெள்ளைக் கோடு நேராக இருந்தால் முறுக்கு இல்லை என்று பொருள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, டயரிலோ ஷாக் அப்சார்பரிலோ உரசவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, மகளை பெடலில் உட்காரவைத்தேன். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான இடது பின்சக்கரத்தில் தொடங்கி நான்கு சக்கரங்களிலும் பழைய ஆயிலை வெளியேற்றினோம்; தேநீர் நிறத்தில் வந்தது. பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதித்தால், வழக்கமாகப் போகாத துரு படிந்த பகுதியில் மாஸ்டர் சிலிண்டரின் சீல் உரசிக் கிழியக்கூடும் என்பதால், பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வைத்திருந்தேன். எல்லாம் முடிந்து கட்டையை எடுத்து, பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது அவள், "அப்பா, பெடல் தானா உள்ள போகுது" என்றாள். குனிந்து பார்த்தால் வலது காலிப்பரின் போல்ட்டைச் சுற்றித் துளித்துளியாகக் கசிவு. புதிய வாஷர்களில் ஒன்று சரளைக்கல்லில் விழுந்து காணாமல் போக, பழையதையே துடைத்துப் போட்டிருந்தேன். ஒருமுறை நசுங்கிய செப்பு மறுபடி படியாது. கடைக்குப் போய் வாஷர் வாங்கிவந்து அந்தச் சக்கரத்துக்கு மட்டும் மீண்டும் ஏர் எடுத்தோம்.

பிரேக் ஆயில் என்று பெயரே தவிர அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் (DOT) 3 என்ற தர வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 டிகிரி. நான் ஊற்றிய டாட் 4-க்கு அவை 230, 155. பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மாறாக, இன்ஜின் ஆயிலோ டீசலோ இதில் ஒரு துளி கலந்தாலும் ரப்பர் பாகங்கள் உப்பிக் கெட்டுவிடும்.

மாலையில் பழைய ஹோஸைக் கூரிய கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். நடுப்பகுதி நன்றாகவே இருந்தது. காலிப்பர் முனையின் உலோகப் பூணுக்குச் சற்று மேலே, 3 மி.மீ. இருக்க வேண்டிய துளையில் என் தையல் ஊசியே திணறித்தான் நுழைந்தது. உள்ரப்பர் நூற்பின்னலை விட்டுப் பிரிந்து ஒரு நாக்குப்போல் தொங்கியது. சென்ற ஆண்டு பிரேக் பேட் மாற்றிய ஒரு பட்டறையில் காலிப்பரைக் கம்பியால் கட்டாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்ததைப் பார்த்த நினைவு இருக்கிறது. அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த ரப்பர் அது.

மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. இறங்கும்போதெல்லாம் இரு சக்கரங்களிலும் கைவைத்துப் பார்க்கிறேன். சூடு ஒன்றுபோல இருக்கிறது. பின்பக்க ஹோஸ்களைத் தொடவில்லை. அவற்றை வளைத்துப் பார்த்தபோது மேல்தோலில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. புதியவை வந்துசேரும்வரை அந்த நட்டுகளுக்கு ரப்பரில் படாமல் தினமும் துருநீக்கி வைத்துவருகிறேன்.